முள் குடித்த இரண்டு வோல்ட்

1

இந்த அம்மாவுக்குக் காதுக்குப் பின்னால் இன்னும் சீயக்காய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொல்லலாமா? சொன்னால் அக்கறையான பெண் என்று நினைப்பார்களா, துடுக்குக்காரி என்று எழுதிவிட்டுப் போவார்களா? வேண்டாம். பேரருவியே கழுவாமல் விட்டதை நான் எதற்குக் கழுவ வேண்டும்?

கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற குழல்வாய்மொழி டீச்சர் இப்படி நினைத்தாள்.

நினைத்தாளா? எனக்கு எப்படித் தெரியும்? 1938ஆம் வருஷம் ஆனி மாதம், தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில், ஒரு இளம் ஆசிரியையின் தலைக்குள் என்ன ஓடியது என்பதற்கு என்னிடம் எந்தச் சாட்சியும் இல்லை. பள்ளியைக் கட்டியதே நான்தான். அவளை வேலைக்கு வைத்ததும் நான்தான். இருந்தாலும் யாராவது ஒருத்தியின் மனதுக்குள் இருந்து கதையைத் தொடங்கினால்தான் எனக்குக் கை ஓடும். கெட்ட பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பற்றியதும்தான் இந்தக் கதை.

இது எங்கிருந்து வந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வருஷம் தென்காசியில் ஜாஹிரா பீவியின் பழைய சாமான் கடையில், இஸ்திரிப் பெட்டிகளுக்கும் உடைந்த மின்விசிறிகளுக்கும் நடுவே, மரப்பெட்டிக்குள் அடைத்த ஒரு வோல்ட்மீட்டரைப் பார்த்தேன். கண்ணாடி முகம், கறுப்பு முள், இரண்டு பித்தளைத் திருகுகள்.

“எக்கா, அது ஓடாது” என்றார் ஜாஹிரா பீவி.

“ஓடாட்டா என்ன.”

“ஓடாத சாமான வாங்கி என்ன செய்யப் போறிய?”

“கதை எழுதப் போறேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொன்னார்.

வாங்கியதற்குக் காரணம், முகத்தட்டின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்த ஒரு வரி: 1000 ஓம். அந்தக் கருவியின் உள்ளே இருக்கும் தடை அவ்வளவு என்று அர்த்தம். தன்னுடைய தடை எவ்வளவு என்பதைத் தன் முகத்திலேயே எழுதி வைத்துக்கொண்டிருந்தது. இப்படி ஒரு மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

2

(கதைக்கு அவசரப்படுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். தாண்டினால் ஐந்தாம் பகுதியில் திரும்பி வர வேண்டியிருக்கும்.)

வோல்ட்மீட்டர் எப்படி அளக்கிறது? முள் அசைந்தால்தான் அளவு தெரியும். முள் அசைய மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தை அது எந்த இடத்தை அளக்க வந்ததோ, அந்த இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். இந்த வீட்டில் எவ்வளவு சோறு இருக்கிறது என்று பார்க்க வந்தவர், ஒரு இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்ப்பது மாதிரி. கல்யாண வீடானால் ஒரு இலை பெரிதாகத் தெரியாது. ஒற்றை ஆள் பொங்கித் தின்னும் வீடானால் பானையில் பாதி போய்விடும். வந்தவர் வெளியே போய், “அந்த வீட்டில் அரைப் பானைதான்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தபோது அரைப் பானைதான் இருந்தது.

நல்ல வோல்ட்மீட்டருக்கு உள்தடை மிக அதிகமாக இருக்கும். ஒரு பருக்கையை மட்டும் எடுத்து வாயில் போட்டுவிட்டுச் சொல்லிவிடும். மட்டமான வோல்ட்மீட்டர் இலை போட்டு உட்காரும்.

இந்த உள்தடைக்குப் பாடப்புத்தகத்தில் ‘அகத்தடை’ என்று பெயர். பெண் எழுத்தாளர் கையில் இப்படி ஒரு சொல் கிடைத்தால் என்ன செய்வார் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். செய்யமாட்டேன்.

3

மேற்கே மலைமேல் மேகம் தவழ்ந்து இறங்கி, சாரல் பன்னீர் தெளிப்பதுபோல—

வேண்டாம். குற்றாலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாப் பேனாவும் இப்படித்தான் நனைந்துபோகும். விஷயத்துக்கு வருகிறேன்.

என் கதையில் பள்ளிகளைச் சோதிக்கும் அதிகாரிகள் தென்காசிப் பக்கம் வருவது சாரல் மாதங்களில் மட்டும்தான். மாசி பங்குனியில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் கல்வி பற்றி யாருக்கும் கவலை இல்லை. அந்த வருஷம் மதுரையிலிருந்து வந்த இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா* குற்றாலத்தில் தங்கியிருந்தார். காலையில் பேரருவி, மாலையில் சிற்றருவி, நடுவில் கொஞ்சம் கல்வி. அன்று பள்ளியை முடித்துக்கொண்டு நேரே ஐந்தருவிக்குப் போவதாக ஏற்பாடு. மாற்றுப் புடவையும் துண்டும் காரிலேயே இருந்தன.

(* இவருக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் எனக்கு இவர்மேல் இரக்கம் வந்துவிடும்.)

பள்ளியின் தலைமையாசிரியை ஞானப்பூ அம்மாள். எல்லோருக்கும் பெரிய டீச்சர். குழல்வாய்மொழியை ஒரு வருஷத்துக்கு முன் தற்காலிகமாகச் சேர்த்தவர் அவர்தான். பாளையங்கோட்டையில் பௌதிகம் படித்த பெண்ணுக்குத் தையல் வகுப்பைக் கொடுத்தார். நச்சரிப்புத் தாங்காமல் ஒரு பீரோவையும் கொடுத்தார். அந்தப் பீரோதான் பள்ளியின் ஆய்வுக்கூடம். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா நல்லதாக ஒரு வரி எழுதினால் குழல்வாய்மொழிக்கு வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் வடகரைக்குத் திரும்ப வேண்டும். அங்கே ஒரு அத்தை மகன் தென்னந்தோப்போடு காத்திருந்தான். தோப்பு நல்ல தோப்பு. அவனைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அடுத்து மாடத்தி. பள்ளி ஆயா. பெருக்குவது, தண்ணீர் சுமப்பது, மணி அடிப்பது, பீரோவைத் துடைப்பது எல்லாம் அவள் வேலை. அந்தச் சம்பளம் நின்றால் வீட்டில் அடுப்பு நிற்கும். போன மாதம் ஒரு கண்ணாடிக் குடுவையை உடைத்துவிட்டு, சில்லுகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டு பெரிய டீச்சரிடம் தானே போய் நின்றாள். இந்த ஊரில் ஒரு தடவை நிஜத்தை ஒத்துக்கொண்டால், அதற்கப்புறம் உடைவதெல்லாம் ஒத்துக்கொண்டவள் கணக்கில்தான்.

சாரல் தொடங்கியதும் மாடத்தி பீரோவிலிருந்த வோல்ட்மீட்டரைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

“டீச்சரம்மா, இத அரிசிக்குள்ள வச்சிரட்டா?”

“எதுக்கு?”

“இந்தக் காத்துக்கு உப்பே அழுதுக்கிட்டு கெடக்கு. இந்தக் கண்ணாடிப் பொட்டி என்ன பாடுபடும்? அரிசி ஈரத்த இழுத்துக்கிடும்லா. எங்க மாமியா காதுத் தோட்டையே அரிசிக்குள்ளதான் வப்பா.”

“தோட்டை ஈரத்துக்கா வச்சா?”

“எனக்குத் தெரியாம இருக்க வச்சா. ஆனா ஈரமும் படலைல்லா!”

குழல்வாய்மொழி சிரித்துவிட்டுச் சரி என்றாள். வோல்ட்மீட்டர் ஒரு மண்பானையில், கழுத்துவரை பச்சரிசிக்குள் அமர்ந்து சாரல் நாட்களைக் கழித்தது. பக்கத்திலிருந்த காந்த ஊசி துருப்பிடித்துச் செத்தது. இது மட்டும் பிழைத்தது.

இனி மின்சாரம். பள்ளியில் அது கிடையாது. வாடகைக் கார் ஓட்டும் பேச்சிமுத்துவிடம் ஆறு வோல்ட் பேட்டரியை இரவல் கேட்டாள் குழல்வாய்மொழி. அதே காரைத்தான் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவும் வாடகைக்கு எடுத்திருந்தார்.

“தாயி, இத நான் கழத்திக் குடுத்தா அந்தம்மா எப்படிப் போவாவ?”

“பரீட்சை முடியட்டும் அண்ணாச்சி, பெறகு போவாவ.”

“அப்போ ஐந்தருவி சாவி உன் கையிலேன்னு சொல்லு.”

4

பரிசோதனை மிகச் சாதாரணமானது. ஒரே அளவுள்ள இரண்டு கம்பிச் சுருள்களை வரிசையாக இணைத்து, ஆறு வோல்ட் கொடுத்தால், ஆளுக்கு மூன்று வோல்ட் பங்கு போகும். ஒத்திகையின்போது பழைய பத்து ஓம் சுருள்களை வைத்துப் பார்த்தாள். மூன்று, மூன்று. பிள்ளைகள் கூட்டமாகச் சொல்லிப் பழகினார்கள்: “மூணும் மூணும் ஆறு!”

சோதனை நாள் காலையில், வாசலில் வந்து நின்ற காரிலிருந்து பேட்டரியைக் கழற்றி வாங்கக் குழல்வாய்மொழி போயிருந்தபோது, பெரிய டீச்சர் மேசையைப் பார்த்தார். பழைய சுருள்கள் நூல் பிரிந்து, சாயம் போய்க் கிடந்தன. பீரோவில் புதுச் சுருள்கள் இரண்டு, கருங்காலி நிறத்தில் பளபளவென்று, ‘1000’ என்று பொன்னெழுத்துப் பொறித்து, பெட்டி பிரிக்காமல் இருந்தன. வருகிறவர் எவ்வளவு பெரிய அதிகாரி! பத்தை வைப்பதா? பெரிய டீச்சர் தன் கையாலேயே மாற்றி வைத்து, மேலே ஒரு பின்னல் துணியைப் போர்த்தினார். கல்யாண வீட்டில் வெள்ளித் தட்டை எடுத்து வெளியே வைப்பதுபோலத்தான் அவருக்கு இது.

துணியை விலக்கியபோதுதான் குழல்வாய்மொழி பார்த்தாள். பக்கத்தில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா நாற்காலியில். (இந்த இடத்தில்தான் அவளுக்குச் சீயக்காய் நினைப்பை வைத்தேன்.) இரண்டும் சமம்தானே, பத்தானால் என்ன, ஆயிரமானால் என்ன, சரிபாதிதான் என்று அவளும் எண்ணினாள். பௌதிகம் படித்தவள் செய்த தவறு இது. மறைக்க மாட்டேன்.

மீட்டரை முதலில் பேட்டரியில் வைத்தாள். முள் ஆறில் நின்றது.

முதல் சுருளில் வைத்தாள். முள் இரண்டில் நின்றது.

இரண்டாவது சுருளில் வைத்தாள். இரண்டு.

“மூணும் மூணும் ஆறு!” என்று பிள்ளைகள் பாடினார்கள்.

“ரெண்டுல்லா காட்டுது” என்றாள் முன்வரிசைக் குருவம்மாள். பிறகுதான் வகுப்பு சிரித்தது.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். “நான் சரித்திரம் படித்தவள். பௌதிகம் தெரியாது. கூட்டல் தெரியும். இரண்டும் இரண்டும் ஆறு என்பது தென்காசிக் கணக்கா?”

குனிந்து வோல்ட்மீட்டரைக் கையில் எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். திருகின் இடுக்கிலிருந்து ஏதோ மேசைமேல் விழுந்து உருண்டது.

“இது என்ன?”

“அரிசி” என்று உதவி செய்தாள் குருவம்மாள்.

5

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வாசலில் நின்ற மாடத்தி உள்ளே வந்து உப்பு, ஈரம், மாமியார் தோடு எல்லாவற்றையும் விளக்கினாள். விளக்க விளக்கக் குற்றம் ஏறிக்கொண்டே போனது. நிறுத்தத் தெரியவில்லை அவளுக்கு.

“கீழே போட்டாயா?”

“இல்லம்மா. போட்டா போட்டேன்னு சொல்லுவேன். போன மாசம் குடுவையப் போட்டேன், சொன்னேன்லா? பெரிய டீச்சர்ட்ட கேளுங்க.”

“ஓ, போன மாதமும் ஒன்று உண்டா?”

பெரிய டீச்சர் இருமினார். குழல்வாய்மொழியின் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் சொன்னார்: “ஏட்டி குழலு, ஆமான்னு சொல்லிரு. ரெண்டு நாள் ஏசுவாவ, பெறகு மறந்துருவாவ. நான் பாத்துக்கிடுதேன்.”

ஆனால் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா மறக்கிற ஆளாகத் தெரியவில்லை. “அரசாங்கச் சாமானை உடைத்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். இவளை இந்த வாரமே நிறுத்திவிடுங்கள். அறிக்கையில் எழுதுகிறேன்” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, “டிரைவர்! பேட்டரியை எடுத்துக்கொண்டு போய் மாட்டு. நேரமாகிறது.”

பேச்சிமுத்து பாய்ந்து வந்து கம்பிகளைக் கழற்றினார். பழைய சுருள்களை வைத்து மறுபடி அளந்து காட்டுவதற்கு இருந்த ஒரே வழியைக் குழந்தைபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார். இனி மிச்சம் இருந்தது ஒரு வாய்ச்சொல்தான்.

குழல்வாய்மொழி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருளின் மேல் 1000. முகத்தட்டின் அடியில் எறும்பு எழுத்தில் 1000. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

(இரண்டாம் பகுதியைத் தாண்டியவர்கள் இப்போது போய் வரலாம். காத்திருக்கிறேன்.)

பத்து ஓம் சுருளுக்கு இந்த மீட்டர் ஒரு பருக்கை தின்னும் விருந்தாளி. ஆயிரம் ஓம் சுருளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், சுருள் எவ்வளவு எடுக்கிறதோ அவ்வளவும் இது எடுக்கும். இது வந்து உட்கார்ந்ததுமே அந்த இடத்தின் தடை பாதியாகிவிடும். பங்கு மூன்றிலிருந்து இரண்டாக இறங்கிவிடும். எழுந்து போனதும் மறுபடி மூன்று. ஆனால் அந்த மூன்றை இந்த முள் ஒரு நாளும் பார்க்காது. முதல் சுருளில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று. காணாமல் போன இரண்டு வோல்ட் இதுதான்.

“மீட்டர் நல்லாத்தாம்மா இருக்கு” என்றாள். “அளக்கும்போது அதுவும் கொஞ்சம் எடுத்துக்கிடும்.”

“எடுத்துக்கொள்ளுமா? மீட்டர் லஞ்சம் வாங்குகிறதா?”

பிள்ளைகளில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

“லஞ்சமில்லம்மா. அதுக்குள்ளயும் தடை இருக்கு. பெரிய தடைக்குப் பக்கத்துல வச்சா, அது வந்ததாலயே அளவு மாறிரும்.”

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா சுற்றிலும் பார்த்தார். எல்லாப் பிள்ளைகள் தலையிலும் ஒரே மாதிரிப் புது ரிப்பன். சுவரில் இன்னும் பசை காயாத தேசப்படம். அவர் உட்கார்ந்திருந்த இரவல் நாற்காலியின் முதுகில் வேறு யாரோ ஒரு வக்கீலின் பெயர்.

“அளக்க வருகிறவரால்தான் அளவு கெடுகிறது என்கிறாய்” என்றார் மெதுவாக.

குழல்வாய்மொழி மீட்டரைப் பற்றித்தான் சொன்னாள். நம்புங்கள். நானாக இருந்தால் மற்றதையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பேன்.

6

இங்கே எனக்கு அவள்மேல் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஏன் பேசாமல் நிற்கிறாள்? மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில், கரும்பலகையில் விறுவிறுவென்று கணக்குப் போட்டு நிரூபிக்கிறாள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா எழுந்து கைதட்டுகிறார். பிள்ளைகளும் தட்டுகிறார்கள். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. ஐந்தருவிக்குப் போகக் கிளம்பியவர் பின்னத்துக்குக் கைதட்டுவாரா? இது கைதட்டல் எனக்கு வேண்டுமென்று நான் எழுதியது.

இரண்டாவதில், பெரிய டீச்சர் பக்கம் கைநீட்டி, “சுருளை மாத்தினது இவங்கதான்” என்கிறாள். நியாயம்தான். ஆனால் அந்தக் கையை நீட்டவைக்க என்னால் முடியவில்லை. ஒரு பீரோ கொடுத்த மனுஷி. அவருக்குத் தெரிந்த மரியாதை பொன்னெழுத்து மரியாதை. அவ்வளவுதான்.

மூன்றாவதில், “ஆமாம், மாடத்திதான்” என்கிறாள். வேலை நிரந்தரமாகிறது. ராத்திரிகளில் தூக்கம் வராமல்—

இல்லை, இது மோசம். தூக்கம் வராமல் தவிக்கும் பெண் என்றால் எங்களுக்கு எழுத எவ்வளவு வசதி!

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. கைதட்டலுக்கு ஆசைப்பட்டு உட்கார்ந்தால் அவள் வீராங்கனையாகத் தெரிகிறாள். நியாயத்துக்கு ஆசைப்பட்டால் கோபக்காரி. கண்ணீருக்கு ஆசைப்பட்டால் பாவி. நான் எந்த நோக்கத்தோடு முள்ளை வைக்கிறேனோ, அதற்கு ஏற்பக் காட்டுகிறாள். மூன்றையும் கூட்டினாலும் அவள் வரவில்லை. மிச்சத்தைக் குடித்தது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

என் முகத்தில் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கிறதோ, எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பார்க்கலாம். படிக்கிறவருக்கும் ஒரு தடை உண்டு என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம். இந்த மாடத்தியை நீங்கள் எப்போது நம்பத் தொடங்கினீர்கள்? அரிசி விழுந்தபோதும் நம்பினீர்களா?

7

வெளியே கார் உறுமியது. பேட்டரி ஏறிவிட்டது.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா எழுந்தார். அறிக்கைத் தாளில் ஒரு வரி காலியாக இருந்தது. பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டார். குரல் இப்போது அன்பாகவே இருந்தது.

“நீ நன்றாகப் படித்த பெண். உன்னைப் பற்றி நல்லதாக எழுதத்தான் நினைக்கிறேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. கெடுத்தது இந்த ஆயாதானே? ஆமாம் என்று சொல். உன் வேலைக்கு நான் பொறுப்பு.”

மாடத்தி வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் போதும் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ. முந்தானை நுனியை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பெரிய டீச்சர் வாயைத் திறந்தார்.

அவரை அங்கேயே நிறுத்தி வைக்கிறேன். எண்பது வருஷத்துக்கு மேலாக அவர் அப்படித்தான் நிற்கிறார். “நான்தான் மாத்தி வச்சேன்” என்று சொல்வதற்காகத் திறந்தாரா, மறுபடி இருமுவதற்காகவா என்பதை நீங்கள் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தடைக்கு ஏற்றபடி அவர் பதில் சொல்வார். நிரந்தரம் ஆயிற்றா, தென்னந்தோப்பு ஆயிற்றா என்பதும் அப்படித்தான்.

எனக்கு வேண்டியது வேறு. நானும் அந்த அறைக்குள் போனேன், இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். குழலு, ஒரே ஒரு நினைப்புக் கொடு. இந்த நிமிஷம் உன் மனதில் என்ன இருக்கிறது? வடகரையா, மாடத்தியின் அடுப்பா, வெறும் ரெண்டு வோல்ட்டா? அந்தச் சீயக்காய் வரியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அது என்னுடையது. உன்னுடையதாக ஒரு வரி போதும், இதை முடித்துவிடுவேன்.

அவள் எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த அரிசியை விரல்நுனியில் ஒட்டி எடுத்தாள். வோல்ட்மீட்டரின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். முள் பூஜ்யத்தில் ஆடாமல் நின்றது.

“இல்லம்மா” என்றாள்.

பிறகு மீட்டரை இரண்டு கைகளாலும் எடுத்து, எல்லோரும் பார்க்க, மாடத்தியின் கைகளில் வைத்தாள்.

“அரிசிக்குள்ளயே வச்சிரு மாடத்தி. சாரல் இன்னும் விடல.”